ஆறாவது சூனை

இல்லறத்தில் வாழ்பவன் பிற உயிர்களுக்குக் கேடு செய்யாமல் ஒரு நாளையும் கழிக்க இயலாது என்பதைத் தருமசாத்திரங்கள் ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொள்கின்றன. மனுஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம், ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து 'சூனை'கள், அதாவது உயிர்கள் மடியும் இடங்கள், இருப்பதாகச் சொல்லி, அடுப்பு, அரைகல், துடைப்பம், உரலும் உலக்கையும், தண்ணீர்க் குடம் என்று அவற்றை எண்ணுகிறது. எறும்பும் புழுவும் அங்கே சாகின்றன என்பதற்காக அடுப்பை அணைத்துவிடும்படி அந்நூல் கூறவில்லை. வேதம் ஓதுதல், முன்னோருக்கு நீர்க்கடன் செய்தல், தேவர்க்கு ஆகுதி இடுதல், சிற்றுயிர்களுக்கு உணவு வைத்தல் (பூதயக்ஞம்), விருந்தோம்பல் (மனுஷ்ய யக்ஞம்) என்னும் ஐந்து மகாயக்ஞங்களால் அத்தீங்கால் நேரும் கடனை நாள்தோறும் தீர்க்கும்படியே விதிக்கிறது. தீங்கு நிகழ்வதை மறுக்காமல், அதைக் கணக்கில் எழுதிக்கொள்ளும் இந்த நேர்மை பெரிதும் மதிக்கத்தக்கது.

இன்று வீட்டு வாசலில் மின்சாரச் சரக்கு வண்டிக்கு மின்னேற்றும் கருவி பொருத்தப்படும்போது அந்தக் கணக்கு என்னவாகிறது என்ற கேள்வி எழுகிறது. திருவனந்தபுரத்தின் வலியசாலை இக்கேள்விக்குப் பொருத்தமான களம். காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சூழ்ந்து தமிழ் அந்தணர்கள் தலைமுறைகளாக வாழ்ந்துவரும் அக்கிரகாரத் தெருக்கள் அங்கு உள்ளன; முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் காந்தளூர்ச் சாலை இதுவே என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அருகிலேயே சரக்கு வண்டிகள் ஓயாமல் வந்துபோகும் சாலைக் கடைத்தெரு இருப்பதால், யக்ஞத்தின் சொல்வழக்கும் வணிகத்தின் தேவையும் அங்கே ஒரே தெருவில் சந்திக்கின்றன.

தமிழகத்தில் 'குட்டி யானை' என்று அழைக்கப்படும் டாடா ஏஸ் வண்டியின் மின்சார வடிவம் 2022இல் அறிமுகமானது. அதன் மின்கலம் 21.3 யூனிட் மின்சாரத்தைத் தேக்குவது, ஏறத்தாழ 3.3 கிலோவாட் தரும் 16 ஆம்பியர் பிளக்கில் அது நிறைய ஆறேழு மணி நேரம் பிடிக்கும். புகையும் நெருப்பும் இல்லாததால் இவ்விடத்தில் எவ்வுயிரும் மடியவில்லை என்று தோன்றலாம். ஆனால் கேரளம் தன் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளிமாநிலங்களிலிருந்து வாங்குகிறது, அதில் நிலக்கரியை எரித்துப் பெறுவது கணிசமானது. மாநிலத்தின் சொந்த மின்சாரத்துக்கு முதுகெலும்பான இடுக்கி நீர்மின் திட்டத்துக்காகவும் காடும் குடியிருப்புகளும் நீருக்குள் சென்றன.

தன் கையால் செய்யாத தீங்கு தன்னைச் சேருமா என்ற மறுப்புக்குப் பதஞ்சலியின் யோகசூத்திரத்தில் விடை உண்டு: ஹிம்சை தானே செய்வது, பிறரைக் கொண்டு செய்விப்பது, செய்ததற்கு உடன்படுவது என மூவகைப்படும் என்று அது வகுக்கிறது. சமணரும் இப்பகுப்பை ஏற்பதோடு, இல்லறத்தானுக்கு ஒரு நுட்பமான வேறுபாட்டையும் காட்டுகின்றனர்: சமையல் போன்ற வீட்டு வேலைகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை, பிழைப்புக்கான தொழிலில் நேர்வது உத்யோக ஹிம்சை, இரண்டும் அவனுக்கு முற்றிலும் தவிர்க்க முடியாதவை என்றாலும் குறைக்கப்பட வேண்டியவை. கடைத்தெருவில் உழைக்கும் வண்டி வீட்டு மின்சாரத்தில் பசியாறும்போது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள கோடு அழிந்துபோகிறது. ஆகவே வாசலில் உள்ள மின்னேற்றும் கருவியை ஆறாவது சூனை என்று கொள்வதே முறை. டீசல் வண்டியைவிட அதன் கேடு குறைவு என்பதில் ஐயமில்லை, ஆயினும் குறைவு என்பது இன்மை ஆகாது.

இதற்குரிய யக்ஞம் எது? ஐம்பெரு யக்ஞங்களின் அமைப்பை உற்றுநோக்கினால் ஒரு வியப்பு புலப்படும்: உரலில் மடிந்த எறும்புக்கு எதுவும் திரும்பிச் சேர்வதில்லை; தேவருக்கும் முன்னோருக்கும், உயிரோடிருக்கும் காக்கைக்கும் விருந்தினனுக்குமே கடன் செலுத்தப்படுகிறது. வாசலில் அரிசிமாவுக் கோலம் இடுவதும் சிற்றுயிர்களுக்கு இரையாகும் என்ற கருத்தில்தான். வலியசாலையில் அவ்வாறு கடன் செலுத்தப்பட வேண்டிய முதல் உயிர்கள், அதே மின்மாற்றியிலிருந்து மின்சாரம் பெறும் அண்டை வீட்டார். 2024 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்தின் உச்ச மின்தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியபோது, மின்வாகனங்களுக்கு இரவின் உச்ச நேரத்தில் மின்னேற்ற வேண்டாம் என்று மாநில மின்வாரியம் கேட்டுக்கொண்டது. இவ்வேண்டுகோளைச் சிக்கன அறிவுரையாக மட்டும் படிப்பது போதாது. மாலை ஆறு மணிக்கு வண்டி திரும்பியவுடன் பிளக்கைச் செருகாமல் இரவு பத்துக்குப் பின் செருகினாலும் விடியற்காலை ஐந்து மணிக்குள் மின்கலம் நிறைந்துவிடும், கடைத்தெரு விழிப்பதற்குள் வண்டியும் ஆயத்தமாகும். அந்த நான்கு மணி நேரக் காத்திருப்பால் புழுக்கத்தில் தவிக்கும் ஒரு முதியவரின் மின்விசிறி நிற்காமல் சுழலக்கூடும் என்றால், அதைப் பூதயக்ஞத்துக்கும் மனுஷ்ய யக்ஞத்துக்கும் குறைந்ததாகக் கருதக் காரணமில்லை.

அக்கிரகார வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஒரு வீட்டின் மின்கசிவு அடுத்த வீட்டின் அபாயம். அதனால் முறையான எர்த் இணைப்பும், 30 மில்லிஆம்பியர் கசிவு ஏற்பட்டாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. கருவியும், மின்னேற்றும் கருவியை மழைநீர் படாத உயரத்தில் பொருத்துவதும் அஹிம்சையின் பகுதிகளே ஆகின்றன. கருவியை வாங்குபவர் மின்பணியாளரிடம் முதலில் கேட்க வேண்டியவை இவை. வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற கேள்வி அதற்குப் பின்னர் வரலாம்.