லென்ஸ் பெட்டியும் பொருள் வரைதலும்



ஐந்தாவது அணுவிரதமாகிய பரிக்கிரக பரிமாணத்தைப் பற்றிப் பேசும்போது நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம், கால்நடை என்று எடுத்துரைப்பது நம் பெரியோர் வழக்கம். இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்புவது ஒரு தேக்குமரப் பெட்டி. அதனுள் இருந்தவை கேமரா லென்ஸுகள். தரும உரையில் இவற்றுக்கு என்ன வேலை என்று மூத்தோர் சிலர் நினைக்கக்கூடும். கண்ணால் காணும் பொருள் ஒன்றைக் காட்டிப் பாடத்தைத் தொடங்க வேண்டும் என்று ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் எனக்குக் கற்பித்தார்கள். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் அவ்வழக்கம் என்னை விடவில்லை.

என் கணவர் ஓவிய ஆசிரியர். விடுமுறை கிடைத்தால் போதும், நம் சமயச் சின்னங்கள் உள்ள குன்றுகளைத் தேடிப் புறப்பட்டுவிடுவார். கழுகுமலைப் பாறையில் வரிசை வரிசையாகச் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்கள், சித்தன்னவாசல் ஓவியங்கள், திருமலையில் 16 அடி உயரத்தில் நிற்கும் நேமிநாதர், மதுரைக்கு அருகிலுள்ள சமணர்மலை என அவர் எடுத்த படங்கள் பல. தொடக்கத்தில் ரஷ்ய நாட்டு ஜெனிட் கேமரா ஒன்றும், அதனோடு வந்த 58 மில்லிமீட்டர் ஹீலியாஸ் லென்ஸ் ஒன்றுமே அவரிடம் இருந்தன. பிறகு தேவைகள் தோன்றின. குகைக்குள் பின்வாங்கி நிற்க இடமிராது. ஆகவே அகன்ற காட்சியைக் காட்டும் 28 மில்லிமீட்டர் வேண்டும். ஏற முடியாத உயரத்திலுள்ள திருமுகத்தை அருகே கொணர்ந்து காண 135 மில்லிமீட்டர் வேண்டும். இவை நியாயமான தேவைகளே. தேவை எந்த இடத்தில் முடிந்து ஆசை எந்த இடத்தில் தொடங்கியது என்பதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. மூடப்பட்ட ஸ்டூடியோவிலிருந்து ஒன்று, வெளிநாடு சென்று திரும்பிய உறவினரிடமிருந்து ஒன்று, பழம்பொருள் கடையிலிருந்து மூன்று என்று பெட்டி நிறைந்தது.

1989ஆம் ஆண்டு, அந்த 135 மில்லிமீட்டர் லென்ஸைக் காணவில்லை.

அவருடன் மலைகளுக்குப் பை சுமந்து வரும் மாணவன் ஒருவன் இருந்தான். தகப்பனை இழந்தவன், எங்கள் வீட்டில் பல நாள் உணவு உண்டவன். பெட்டியைத் திறக்கவும் மூடவும் அறிந்தவன் எங்களைத் தவிர அவன் ஒருவனே. நான் அவனைத் திருடன் என்று சொல்லவில்லை. “கடைசியாகப் பெட்டியை எடுத்து வைத்தவன் நீதானே, தம்பி?” என்று மட்டும் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். “ஆமாம், டீச்சர்” என்றான். மறுநாள் முதல் அவன் வரவில்லை.

எட்டு மாதங்கள் கழித்து என் கணவரின் நண்பர் ஒருவர் வந்து, தம் மகள் திருமணத்துக்கென வாங்கிச் சென்ற லென்ஸைத் திருப்பித் தந்து, காலதாமதத்துக்கு வருத்தம் தெரிவித்தார். கொடுத்ததை என் கணவர் அடியோடு மறந்திருந்தார். அன்று மாலையே நாங்கள் இருவரும் அம்மாணவன் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவன் தாயார் எங்களுக்கு மோர் கொடுத்து, “போகட்டும் அம்மா” என்றார். அவன் உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

இதில் எனக்கு இன்றும் ஆறாதது ஒன்று உண்டு. பள்ளியில் தளவாடப் பதிவேடு என் பொறுப்பில்தான் இருந்தது. கரும்பலகை துடைக்கும் துணி முதல் உலக உருண்டை வரை எல்லாவற்றுக்கும் வரவும் இருப்பும் எழுதி, ஆண்டுதோறும் சரிபார்த்துக் கையெழுத்திடுவேன். அரசாங்கத்தின் பொருளுக்கு அத்தனை கணக்கு வைத்தவள், என் வீட்டுப் பெட்டியில் எத்தனை இருந்தன என்று அறியாமலே ஒரு பிள்ளையின் மனத்தைக் குத்தினேன்.

தத்துவார்த்த சூத்திரத்தில் ஆசாரியர் உமாஸ்வாமிகள் பரிக்கிரகத்துக்கு இலக்கணம் கூறும்போது பொருளைக் குறிக்கவில்லை, மூர்ச்சையைக் குறிக்கிறார். மயங்கி விழுந்தவனுக்கும் மூர்ச்சை என்றே சொல்லுகிறோம். பற்றினால் அறிவு மங்கிக் கிடக்கும் நிலை அது. புறப் பரிக்கிரகம் பத்து, அகப் பரிக்கிரகம் பதினான்கு என நம் நூல்கள் வகுக்கின்றன. லென்ஸ் புறத்தைச் சேர்ந்தது; பாத்திரம் பண்டங்களோடு வைத்து எண்ணத்தக்கது. அது காணாமற்போனபோது எனக்குள் எழுந்த அச்சமும் சினமும் அகத்தைச் சேர்ந்தவை. பெட்டியிலிருந்து குறைந்தது ஒன்று. என்னுள் கூடியவை பல.

அதன் பிறகே நாங்கள் கணக்கெடுக்க முனைந்தோம். கூடத்தில் வெள்ளை வேட்டியை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தோம். “பத்து இருக்கும், மிஞ்சினால் பதினொன்று” என்றார் அவர். எண்ணியபோது 17 இருந்தன. 50 மில்லிமீட்டரில் மட்டும் மூன்று! நான்கு லென்ஸுகளுக்குரிய கேமராவே வீட்டில் இல்லை. கேனான் நிறுவனம் 1987இல் லென்ஸ் பொருத்தும் வாயின் அமைப்பை மாற்றியது. பழைய வகை லென்ஸுகள் புதிய கேமராவில் பொருந்தாமற்போகவே, சிலர் அவற்றை மலிவாகக் கொடுத்தனர். மலிவு என்பதற்காகவே இவர் வாங்கிவைத்திருந்தார். ஆசாரியர் சமந்தபத்திரர் தம் சிராவகாசார நூலில் இவ்விரதத்துக்கு நேரும் ஐந்து குற்றங்களைச் சொல்லுமிடத்து, அளவுக்கு மிஞ்சிச் சேர்த்தலை ஒன்றாகவும், பிறர் உடைமை கண்டு வியந்து நிற்றலை மற்றொன்றாகவும் வைத்தார். இரண்டும் அந்த வேட்டியின் மேல் வரிசையாகக் கிடந்தன.

அளவு வரைய வேண்டுமானால் முதலில் இருப்பது தெரிய வேண்டும். ஆகவே நீளவாக்கில் நோட்டு ஒன்றில் கட்டங்கள் வரைந்தேன். லென்ஸின் முன்வளையத்தைச் சுற்றி அதன் பெயர், குவியத் தூரம், ஒளித்துளையின் பேரளவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும்; அதற்கேயுரிய தனி எண்ணும் வளையத்திலோ உடற்பகுதியிலோ இருக்கும். அவ்வெண் மிக முக்கியம். ஒரே வகையான இரண்டு லென்ஸுகளை வேறுபடுத்துவது அது ஒன்றே. பிறகு எந்தக் கேமராவில் பொருந்தும், யாரிடம் எப்போது என்ன விலைக்கு வாங்கியது, கண்ணாடியில் கீறலோ பூஞ்சணமோ உண்டா, முன்மூடி பின்மூடி இரண்டும் உள்ளனவா என்பவற்றுக்கு ஒவ்வொரு கட்டம். கடைசியாக மூன்று கட்டங்கள்: யாரிடம் உள்ளது, கொடுத்த நாள், திரும்பிய நாள். பெரிய லென்ஸுகளுக்கு எல்லோரும் கணக்கு வைத்துவிடுவார்கள். இந்த மூன்று கட்டங்களைத்தான் விட்டுவிடுவார்கள்.

கடன் வாங்கியவருக்கும் இது காப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். அடைக்கலமாக வைத்த பொருளின் எண்ணிக்கையை வைத்தவர் மறந்துவிட, வைத்திருப்பவர் அம்மறதியைப் பயன்படுத்திக்கொள்வதைச் சத்திய அணுவிரதத்தின் குற்றங்களுள் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுதி வைப்பவர் பிறரை அந்தச் சோதனைக்கு உள்ளாக்குவதில்லை.

அந்த ஆண்டு தசலட்சணத்தின் ஒன்பதாம் நாள், உத்தம ஆகிஞ்சன்யத்துக்குரிய நாளில், ஜினாலயத்தில் பகவான் திருமுன் நின்று ஏழு என்று அவர் எல்லை வகுத்துக்கொண்டார். ஏன் ஏழு என்று கேட்டேன். “மலைக்கு எடுத்துப் போவது நான்கு, பிரிய மனமில்லாதவை மூன்று” என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. இல்லறத்தார் அனைத்தையும் துறக்க வேண்டுமென்று நம் தருமம் கட்டளையிடவில்லை. வரைந்த கோட்டைத் தாண்டாதே என்றே கேட்கிறது. மற்றப் பத்தும் படம் பிடிக்கப் பழகும் இளைஞர்களுக்குச் சென்றன. ஒவ்வொன்றின் எதிரிலும் “தானம்” என்று எழுதித் தேதியிட்டேன்.

பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் அகிம்சை இருக்கிறது. ஈரமான காற்றில் இருட்டுப் பெட்டிக்குள் வைத்த லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும். சிலந்தி வலை போல நூல் நூலாகப் படர்ந்து, தன்னிடமிருந்து சுரக்கும் அமிலத்தால் கண்ணாடியின் மேற்பூச்சையே அரித்துவிடும். பூஞ்சணமும் உயிரே. தோன்றிய பின் துடைத்தால் கொலை. துடைக்காவிட்டால் பொருள் கெடும். தோன்றவிடாமல் காப்பதே சாவகர்க்குரிய வழி, நாம் ஊறுகாய்க்கும் வடகத்துக்கும் பார்ப்பதைப் போல. சிலிக்கா ஜெல் என்னும் நீல மணிகளைச் சிறு துணிப்பையில் கட்டிப் பெட்டியில் போடுவோம். ஈரத்தை உறிஞ்சியதும் அவை இளஞ்சிவப்பாகும். சூடேற்றினால் மீண்டும் நீலமாகும். லென்ஸோடு வந்த தோல் உறைகளை முதலிலேயே அகற்றிவிட்டோம். தோல் நமக்கு ஆகாது என்பது ஒருபுறமிருக்க, ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சணத்தை வரவழைப்பதும் அதுவே. (படச்சுருளின் பூச்சில் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின் உண்டு என்று பின்னாளில் அறிந்து அவர் மிகவும் வருந்தினார். டிஜிட்டல் கேமரா வந்தபோது முதலில் மகிழ்ந்தவர் அவரே.) தசலட்சண நாட்களில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகப் பெட்டியைத் திறந்து நோட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது எங்கள் வழக்கமாயிற்று.

ஆனால் நோட்டுக்கும் ஓர் ஆபத்து உண்டு. அதை மறைத்தால் நான் முழு உண்மை சொன்னவள் ஆகமாட்டேன். சில ஆண்டுகளில் அவர் லென்ஸைத் தொடாமல் நோட்டைப் புரட்டி மகிழத் தொடங்கினார். எண்களைத் தனித் தாளில் அழகாக எழுதினார். வண்ண மையில் கோடிட்டார். “இந்த வகையில் இன்னும் ஒன்று இருந்தால் வரிசை நிறைவு பெறும்” என்றார் ஒரு நாள். கட்டம் வரைந்தால் அதை நிரப்பத் தோன்றுகிறது. மூர்ச்சை பெட்டியிலிருந்து இறங்கி நோட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது! நான் மை போத்தல்களை எடுத்து ஒளித்து வைத்தேன். சிறுபிள்ளைத்தனமான செய்கைதான், பயன் தந்தது.

அவர் 2015இல் மறைந்தார். ஏழு லென்ஸுகளும் என்னிடம் வந்தன. எனக்குப் படம் எடுக்கத் தெரியாது. ஆயினும் பத்தாண்டுகளாக மணிகளைச் சூடேற்றி, மூடிகளைத் துடைத்து, ஆண்டுதோறும் ஏழு ஏழு என்று எழுதிக் கையெழுத்திட்டு வந்திருக்கிறேன். சென்ற தசலட்சணத்தில்தான் உறைத்தது: ஏழு என்பது அவர் வகுத்த எல்லை. என் எல்லை எது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. கணவரின் நினைவு என்ற பெயரில் ஒரு விரதத்தின் எண்ணைப் பிடித்துக்கொண்டு என் பற்றை வளர்த்து வந்திருக்கிறேன்.

ஒன்று போதும் என்று வரைந்துகொண்டேன். அந்த முதல் 58 மில்லிமீட்டர் என்னிடம் இருக்கும். ஐந்தைப் பெறுவோர் யார் என்பது முடிவாகிவிட்டது. எஞ்சியது அந்த 135.

க்ஷமாவணி நாளில் அம்மாணவருக்கு ஆண்டுதோறும் ஓர் அஞ்சலட்டை எழுதி வருகிறேன். இன்று அவரும் ஐம்பதைக் கடந்திருப்பார். பதில் வந்ததில்லை, அட்டைகள் திரும்பி வந்ததுமில்லை. இம்முறை மன்னிப்போடு, அந்த லென்ஸை ஏற்றுக்கொள்வாரா என்றும் கேட்டு, அதன் எண்ணையும் குறிப்பிட்டு எழுதியிருக்கிறேன். நோட்டில் அதன் எதிரில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.