மாலை கழற்றிய மறுநாள்

இந்த வாரம் கொஞ்சம் கசப்பான விஷயம். பொறுமையா படிங்க.

எங்க ஊர் ஒரத்தநாடு பக்கம். அங்க ஒரு அண்ணன், பேர் வேண்டாம். வருஷா வருஷம் 48 நாள் மாலை போட்டு, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போவாரு. அந்த 48 நாளும் குடி கிடையாது, பீடி கிடையாது, வீட்டுல சத்தமும் கிடையாது. பழனியில மாலையைக் கழற்றி ஊர் திரும்பின மறுநாள் சாயங்காலம் கடை வாசல்ல நிப்பாரு. கேட்டா, "அது விரதம் தம்பி, இது வாழ்க்கை"ம்பாரு.

"எல்லாம் வேஷம்"னு நாங்க சிரிச்சிருக்கோம். நானும்தான். போன ஆவணியில ஒரு ராத்திரி அவர் உயிரை விடப் பார்த்தாரு. பக்கத்து வீட்டுக்காரங்க கண்ணுல பட்டதால பிழைச்சாரு. அதுக்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரல.

குடிச்சதால மனசு கெட்டுச்சா, மனசு கெட்டதால குடிச்சாரா? 2018 நவம்பர் 16-ம் தேதி கஜா புயல்ல அவரோட தென்னந்தோப்பு ஒரே ராத்திரியில சாய்ஞ்சது. தூக்கம் போச்சு. தூங்கறதுக்காகக் குடிச்சாரு. டாக்டர் சொன்னது: மது சீக்கிரம் தூங்க வைக்கும், ஆனா பின்னிரவுத் தூக்கத்தைக் கெடுத்துடும். மூணு மணிக்கு முழிப்பு, விடிஞ்சா படபடப்பு, அதுக்கு ஒரு பீடி, சாயங்காலம் மறுபடி கடை. ஒண்ணு இன்னொண்ணைத் தள்ளிக்கிட்டே போகும்.

பீடி டென்ஷனைக் குறைக்கும்னு நாம நம்புறதும் சரியில்லை. நிகோடின் கேட்கிற தவிப்பு அடங்குறதைத்தான் நிம்மதின்னு நினைக்கிறோம். 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரையில், புகையைத் தொடர்ந்தவர்களைவிட விட்டவர்களுக்குத்தான் பதற்றமும் மனச்சோர்வும் குறைஞ்சிருந்தது. (நமக்கு அந்தப் பழக்கமே இல்லைன்னு நிமிர்ந்து உட்காராதீங்க. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரீல்ஸ் பார்த்துட்டு, மறுநாள் எரிஞ்சு விழுறது யாரு?)

அப்போ அவர் பாவியா, நோயாளியா? 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 115-வது பிரிவு, உயிரை விட முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார்னே கருதணும், தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது. நமக்கு இது புதுசா? அருணகிரிநாதர் திருவண்ணாமலைக் கோபுரத்துல இருந்து விழுந்தப்போ முருகன் கணக்குக் கேட்கலை. முதல்ல தாங்கினார். பாட்டெல்லாம் அப்புறம்தான்.

இதை நான் அண்ணிகிட்ட பெருமையா சொன்னேன். அவங்க அரிசி களைஞ்சுக்கிட்டே கேட்டாங்க: "நோய்னு சொல்லிட்டா, நான் வாங்கின அடிக்கு என்ன பேரு தம்பி?"

பதில் இல்லை. யோசிச்சுப் பார்த்தா, ரெண்டும் உண்மைதான். அவர் குடிச்சதுக்கு நோய் காரணமா இருக்கலாம், அந்த அடி அதனால இல்லைன்னு ஆயிடாது. மன்னிக்கிறதும் மன்னிக்காததும் அண்ணியோட உரிமை. அதுல நாம தலையிட முடியாது.

ஆனா அந்த 48 நாள் வேஷம் இல்லைங்கறதை இப்போ உறுதியா சொல்வேன். ஒன்பது மணிக்குப் படுக்கை, விடியும் முன்னாடி புதுஆத்துல குளியல், எளிய சாப்பாடு, பஜனைக் கூட்டம், நடை. எல்லாத்துக்கும் மேல, ஊரே அவரை "சாமி"ன்னு கூப்பிடும். மாலையைக் கழற்றினா இதெல்லாம் ஒரே நாள்ல போயிடும். சாமி மறுபடி குடிகாரன். சம்பா அறுப்பு முடிஞ்சு கையில காசு இருக்கும். ஜூன் 12 மேட்டூர் திறக்கிற வரைக்கும் வயல்ல வேலை இருக்காது. இதுல மனவுறுதி மட்டும் எத்தனை நாள் தாங்கும்?

ஒரு முக்கியமான எச்சரிக்கை. தினமும் நிறைய குடிக்கிறவர் மாலை போட்டுட்டுத் திடீர்னு நிறுத்தினா, ரெண்டு மூணு நாள்ல கைநடுக்கம், வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரியறது எல்லாம் வரலாம். உயிருக்கே ஆபத்து. அதைச் சாமி வந்திருக்கு, சாமி குத்தம்னு விட்டுடாதீங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டு நிறுத்தச் சொல்லுங்க. வலிப்பு வந்துட்டா உடனே ஆஸ்பத்திரி. மனசு தாங்கலைன்னா 14416, அரசோட டெலி மானஸ். தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

இந்தத் தையில அண்ணன் மாலை போடலை. மாத்திரை சாப்பிடறாரு. தினமும் காலையில நாங்க நாலு பேர் அவரோட ஆத்தங்கரையில நடக்கிறோம். நடுவுல ஒருநாள் குடிச்சுட்டாரு. மறுநாள் நடைக்கு வரலை. வாசல்ல போய் நின்னோம். என்ன சொல்றதுன்னு தெரியாம, "வாங்க சாமி, நேரமாச்சு"ன்னேன். மாலை இல்லாதப்போ அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கொஞ்ச நேரம் கழிச்சு செருப்பை மாட்டிக்கிட்டு வந்தாரு.