விதி என்று சொல்லும் உரிமை யாருக்கு?

திருகோணமலை அன்புவழிபுரத்தில் வீட்டைச் சூடாக்கும் நீராவிக் கொதிகலனுக்கு வேலையில்லை. பக்கத்துக் கன்னியாவில் பூமியே ஏழு கிணறுகளுக்கு வெந்நீர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஊருக்கு அந்தச் சூடு போதும். ஆனால் திருகோணமலையிலிருந்து புலம்பெயர்ந்தவர்களில் சிலர் நியூயோர்க், ரொறன்ரோ போன்ற நகரங்களின் பழைய கட்டடங்களில், நிலவறையில் கொதிகலனும் சன்னலடியில் இரும்பு ரேடியேற்றருமாகக் குளிர்காலத்தைக் கழிக்கிறார்கள். இங்கே ஊரில் சமையலறையில் பிறஷர் குக்கர் இருக்கிறது. அடைத்த பாத்திரம், தண்ணீர், நெருப்பு, ஒரு வால்வு என்ற அளவில் இரண்டும் ஒரே சாதிதான். சொல்லப்போனால் குக்கரில் அழுத்தம் கூட. வீட்டுக் கொதிகலன் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 2 இறாத்தலுக்குள் ஓடும். குக்கர் 15 இறாத்தல் வரை போகும். கொதிகலன் கொண்டிருக்கும் தண்ணீரின் அளவுதான் அதைப் பயங்கரமாக்குகிறது. தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். இவற்றில் ஒன்று வெடித்துவிட்டால் செத்தவீட்டில் சொல்லப்படும் சொல் எங்கும் ஒன்றுதான்: விதி. அந்தச் சொல் பொய் என்று நான் வாதிடப்போவதில்லை. அதை யார் வாயிலிருந்து கேட்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வி தமிழருக்கு மட்டும் உரியதும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் கொதிகலன் வெடிப்பைக் கடவுளின் செயலாகக் கருதியவர்கள் ஏராளம். 1857இல் ஹார்ட்ஃபோர்ட் நகரத்து இளைஞர் சிலர் கூடி, இது உண்மையில் கடவுள் செயல்தானா என்று விவாதிக்கத் தொடங்கினார்கள். 1865இல் மிசிசிப்பி ஆற்றில் சுல்தானா கப்பலின் கொதிகலன்கள் வெடித்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அடுத்த ஆண்டே ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில், கொதிகலனைச் சோதித்துப் பார்த்துக் காப்புறுதி வழங்கும் நிறுவனம் ஒன்று பிறந்தது. 1905இல் பிராக்டன் சப்பாத்துத் தொழிற்சாலையில் 58 பேர் இறந்த பிறகு, 1907இல் மாசசூசெட்ஸ் மாநிலம் கொதிகலனுக்கென்று சட்டமே இயற்றியது. இறைவன் அப்போதும் இருந்தான். அவன் மேல் போட்ட பழிதான் குறைந்தது.

கொதிகலன் முன்னறிவிப்பு இல்லாமல் கெடுவது அரிது. ரேடியேற்றரில் கசிவு இருந்தால் ஆவி தண்ணீராகித் திரும்பி வராது. புதுத் தண்ணீரை அடிக்கடி விடவேண்டிவரும். அதிலுள்ள ஒட்சிசன் உள்ளிரும்பைத் துருவாக்கும். கண்ணாடிக்குழாயில் நீர்மட்டம் இறங்கும். தண்ணீர் குறைந்தால் நெருப்பை நிறுத்தவேண்டிய கருவியில் சேறு படியும். மிதவை உள்ள பழைய வகையானால் வாரந்தோறும் அதை வடித்துவிட வேண்டும். தண்ணீர் வற்றிச் செக்கச் சிவந்த இரும்பில் பதறிப்போய்ப் பச்சைத்தண்ணீர் விடுகிறவர் வெடியைத் தானே வரவழைக்கிறார். நெருப்பை அணைத்துவிட்டுத் தானாக ஆறும்வரை விலகி நிற்பதுதான் செய்யத்தக்கது. குக்கரும் இப்படித்தான் பேசும். வாயில் சோற்றுப்பருக்கை அடைத்த வெயிற், வெடிப்பு விழுந்த றப்பர் வளையம், உருகிப்போன பாதுகாப்பு வால்வின் இடத்தில் அடித்துவைத்த ஏதோ ஓர் ஆணி. இத்தனையையும் பார்த்தும் பாராமல் இருந்தவர், பிறகு விதி என்கிறார்.

சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என்று மூன்றாகப் பிரிக்கும். குவிந்து கிடப்பது, இப்போது அனுபவிப்பது, இப்போது புதிதாய்ச் சேர்ப்பது. ஒரே வெடிப்பில் காயப்பட்டவருக்கு அது பிராரத்தம். வால்வை மாற்றாமல் விட்டவருக்கோ ஆகாமியம். வாடகைக்கு இருப்பவர் சொல்லவேண்டிய சொல்லை வீட்டுக்காரர் சொல்லும்போது, மற்றவருடைய கணக்கில் தன் கடனை எழுதிவிடுகிறார். சித்தாந்தத்தைப் பிழையாகப் படித்ததால் வந்த வினை இது. சித்தாந்தத்தின் குற்றம் இல்லை. திருக்குறளும் ஊழுக்கு ஓர் அதிகாரம் கொடுத்ததோடு நிற்காமல், பொச்சாவாமை (மறவாமை), ஆள்வினையுடைமை (விடாமுயற்சி) என்று வேறு இரண்டையும் வைத்திருக்கிறது.

சட்டமும் சோதனையும் உள்ள இடத்திலும் வெடிக்கிறதே என்று கேட்கலாம். இந்தியாவில் கொதிகலன் சட்டம் 1923இலேயே வந்தது. ஆனாலும் 2020இல் நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மே மாதமும் ஜூலை மாதமும் கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர்கள் இறந்தார்கள். கவனம் எல்லாவற்றையும் தடுக்காது என்பது உண்மைதான். ஆனால் மே மாதத்துக்குப் பிறகு வந்த ஜூலையை விதி என்று ஒதுக்கிவிட யாருக்குத் துணிவு வரும்? சோதித்துக்கொண்டே இருப்பது இறைவன்மேல் நம்பிக்கையின்மை என்பாரும் உண்டு. எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. பாதுகாப்பு வால்வு என்பது, நான் மறந்துபோவேன் என்று மனிதன் முன்கூட்டியே ஒப்புக்கொண்டு செய்த பொருள். அதை அடைத்துவைப்பதில்தான் ஆணவம் தெரிகிறது.

கடினமான மறுப்பு வேறு. கவனிக்காமல் விட்டவளும் காயப்பட்டவளும் ஒரே தாயாக இருந்தால்? அவளிடம் போய் ஆகாமியம் பேசுவது கொடுமை. அவள் விதி என்று அழட்டும். அனுபவிப்பவளுக்கு அந்தச் சொல் உரியது. கன்னியாக் கிணற்றடியில் அந்தியேட்டிக்கு வருகிற யாரிடமும் அதைப் பறிக்க முடியாது. ஆனால் அந்த வீட்டுக்கு அடுத்த குக்கரை வாங்கிக் கொடுப்பவர், அழுதுகொண்டிருப்பவர் கேட்கமாட்டார் என்று தெரிந்து, மேலதிகமாக ஒரு வால்வும் ஒரு றப்பர் வளையமும் சேர்த்து வாங்கலாம்.