ஊட்டியதும் வளர்ந்ததும்

மூளையிலிருந்து வெட்டியெடுத்த கிளியோபிளாஸ்டோமா என்னும் புற்றுக்கட்டியின் ஒரு துண்டு ஆய்வகத்துக்கு வரும்போது அதில் இன்னும் ரத்தம் ஒட்டியிருக்கும். கழுவி, பொடியாக நறுக்கி, நொதியில் ஊறவைத்து, தனித்தனிச் செல்களாகப் பிரித்து, இளஞ்சிவப்பு ஊட்டநீரான மீடியத்தில் விட்டு, 37 டிகிரி வெப்பமும் 5 சதவீதம் கரியமில வாயுவும் உள்ள இன்குபேட்டரில் வைப்பார்கள். முதல் சில நாட்கள் பெரும்பாலும் சாவுதான். செல்கள் சிதைந்து தூளாக மிதக்கும். பிறகு ஒரு நாள் நுண்ணோக்கியில் நாலைந்து செல்கள் சேர்ந்த ஒரு கொத்து கண்ணில் படும். ஓரிரு வாரத்தில் அது எதிலும் ஒட்டாமல் மிதக்கும் கோளமாகத் திரளும். நடுப்பகுதி இருண்டிருக்கும், விளிம்பில் இருக்கும் செல்கள் மினுங்கும்.

அந்தக் கோளத்தில் ஒரு துளி சீரம் பட்டால் போதும். பசுவின் கருவிலுள்ள கன்றின் ரத்தத்திலிருந்து எடுக்கும் இந்தச் சீரத்தில் வளர்ச்சிக் காரணிகள் ஏராளம். மிதந்துகொண்டிருந்த கோளம் இறங்கித் தட்டின் அடியில் ஒட்டிக்கொள்ளும். செல்கள் நாலாபுறமும் ஊர்ந்து பரவித் தட்டையாகும். நாட்கள் செல்லச் செல்ல, மூளையில் நரம்புச் செல்களைத் தாங்கி நிற்கும் சாதாரணச் செல்களின் அடையாளப் புரதங்கள் அவற்றில் தலைகாட்டும். முதிர்ந்துவிட்ட செல் போல நடந்துகொள்ளும்.

பல பதிற்றாண்டுகளாக உலகின் பெரும்பாலான ஆய்வகங்கள் புற்றுநோய்ச் செல்களை இந்தச் சீரத்தில்தான் வளர்த்தன. செல்கள் செழித்தன, வேகமாகப் பெருகின, எந்த ஊருக்கும் அனுப்ப முடிந்தது. 2006-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜியோங்வூ லீ, ஹோவர்ட் ஃபைன் ஆகியோரின் குழு ஒரே நோயாளியின் கட்டியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சீரத்திலும் மறு பாதியைச் சீரமில்லாமல் இரண்டே வளர்ச்சிக் காரணிகள் சேர்த்த மீடியத்திலும் வளர்த்தது. சீரமில்லாமல் வளர்ந்தவை மரபணுவிலும் நடத்தையிலும் மூலக் கட்டியை ஒத்திருந்தன. எலியின் மூளையில் இட்டபோது, நோயாளியின் மூளையில் பரவியது போலவே இழை இழையாக ஊடுருவின. சீரத்தில் வளர்ந்தவையோ வேறொன்றாக மாறிவிட்டிருந்தன. அவற்றின் மரபணு அமைப்பு மூலக் கட்டியிலிருந்து விலகியிருந்தது, பின்னாளில் அவை உண்டாக்கிய கட்டியிலும் நோயாளியின் நோய்ச்சாயல் இல்லை.

அப்படியானால் சீரத்துச் செல்களின் மேல் சோதித்த எத்தனையோ மருந்துகள் யாருடைய நோயைக் குணப்படுத்தின? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடாத கேள்விகளில் ஒன்று. அப்படிச் சீரத்தில் வளர்த்த U87 என்ற செல் வரிசை ஸ்வீடனின் உப்சாலாவில் 1960-களில் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து உருவானது. ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் அதன்மேல் நிற்கின்றன. பெங்ட் வெஸ்டர்மார்க்கின் குழு 2016-இல், சேமிப்பிலிருந்த அந்த நோயாளியின் திசுவோடு டிஎன்ஏவை ஒப்பிட்டது. செல் வங்கியிலிருந்து உலகெங்கும் போய்க்கொண்டிருந்த U87 அந்த நோயாளியுடையதே அல்ல என்று தெரிந்தது. அதுவும் ஒரு மூளைக் கட்டிதான், யாருடையது என்று மட்டும் எவருக்கும் தெரியாது.

இத்தகைய ஆய்வுகளில் அடிக்கடி வரும் ‘கட்டியைத் தொடங்கும் செல்’ என்ற பெயரிலேயே ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. உடலில் முதன்முதலாகக் கெட்டுப்போன செல் எது என்பதை அது சொல்லவில்லை. இப்போதுள்ள கட்டியிலிருந்து பிரித்தெடுத்து வேறோர் உடலில் வைத்தால் புதுக் கட்டியை எழுப்பக்கூடியது எதுவோ, அதற்குத்தான் இந்தப் பெயர். டொராண்டோவில் ஷீலா சிங்கும் பீட்டர் டர்க்ஸும் 2004-இல் காட்டியது இதைத்தான். மேற்பரப்பில் CD133 என்ற புரதம் உள்ள மூளைக் கட்டிச் செல்கள் வெறும் 100 இருந்தாலே எலியில் கட்டி வளர்ந்தது. அந்தப் புரதம் இல்லாதவற்றை ஒரு லட்சம் இட்டும் வளரவில்லை.

நூறுக்கும் லட்சத்துக்கும் இடையிலான இந்த வித்தியாசம் என்னை மலைக்கவைத்தது. கட்டியின் தீமை முழுவதும் ஒரு சில செல்களுக்குள் பூட்டியிருப்பதாகவும், அந்தச் சிலவற்றை அழித்துவிட்டால் போதும் என்றும் மனம் உடனே நம்பிவிடுகிறது.

2008-இல் மிச்சிகனில் எல்சா கின்டானா, ஷான் மாரிசன் ஆகியோரின் ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. மெலனோமா என்னும் தோல் புற்றில், பழைய முறைப்படி சோதித்தால் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு செல்தான் கட்டியைத் தொடங்கியது. அவர்கள் எதிர்ப்புச் சக்தி இன்னும் குறைந்த எலியை எடுத்தார்கள். மேட்ரிஜெல் என்ற புரதக் கூழில் குழைத்துச் செல்களை இட்டார்கள். கூடுதல் நாட்கள் காத்திருந்தார்கள். இப்போது தனித்தனியாக இட்ட செல்களில் நாலில் ஒன்றுக்கும் மேல் கட்டியாயின. செல்களை யாரும் மாற்றவில்லை. அவை போய் விழுந்த இடம்தான் மாறியது.

லண்டன் மருத்துவர் ஸ்டீஃபன் பேஜெட் 1889-இலேயே இதன் சாயலைக் கண்டிருந்தார். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் படித்து, நோய் பரவும் உறுப்புகளில் ஓர் ஒழுங்கு இருப்பதைக் கவனித்தார். விதை எத்திசையிலும் போகலாம், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்றார். நாம் விதையை மட்டும் உற்றுப் பார்க்கிறோம். கட்டியைத் தொடங்கும் ஆற்றலில் ஒரு பங்கு செல்லுக்குள் இருக்கிறது, மறு பங்கு அதைச் சூழ்ந்த இடத்தில். எலியின் எதிர்ப்புச் சக்தி, கூழ், ஆக்சிஜன் அளவு, அண்டைச் செல்கள், நாம் விட்ட சீரம், காத்திருந்த நாட்கள் எல்லாமே அந்த ஆற்றலுக்குள் அடக்கம். இந்தச் செல் எத்தகையது என்று நாம் கேட்கும்போதெல்லாம், நாம் அதற்குக் கொடுத்த இடமும் சேர்ந்தே பதில் சொல்கிறது.

இதைக் கொண்டு எல்லாமே ஆய்வகத்தின் மாயை என்று தள்ளிவிட முடியாது. 2012-இல் லூயிஸ் பராடாவின் குழு, எலியின் மூளையிலேயே உருவான கட்டியைக் கலைக்காமல், உள்ளிருந்த செல்களுக்கு அடையாளமிட்டுப் பின்தொடர்ந்தது. டெமோசோலமைடு மருந்து பெருகிக்கொண்டிருந்த செல்களைக் கொன்றது. ஓய்ந்து கிடந்த ஒரு சிறு கூட்டம் தப்பி, அதிலிருந்து கட்டி மறுபடி எழுந்தது. மனிதர்களுக்கும் இதே மருந்துதான். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், இந்த மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம் என்பது 2005-இன் பெரிய மருத்துவச் சோதனை சொன்ன கணக்கு. அந்த இரண்டரை மாதத்துக்குள் ஒரு குடும்பம் எதையெல்லாம் அடைத்துக்கொள்ளப் பார்க்கும் என்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

ஆகவே, இந்தச் செல்களை வளர்ப்பவர்கள் செய்வதைச் சாதாரண வேலையாக நான் எண்ணுவதில்லை. ஒருவரைக் கொல்லப்போகும் செல்லை அதன் இயல்பு கெடாமல் உயிரோடு வைத்திருக்கிறார்கள். மீடியம் புளித்து மஞ்சளாவதற்கு முன் மாற்றுகிறார்கள். கோளம் பெருத்து நடுவில் அழுகுவதற்கு முன் பிரிக்கிறார்கள். விடுமுறையிலும் யாராவது வந்து ஊட்டவேண்டும். பென்சில்வேனியாவில் இப்போது கட்டியைச் செல் செல்லாகப் பிரிக்காமல் சிறு துண்டுகளாகவே, வளர்ச்சிக் காரணிகள் எதையும் சேர்க்காமல் வளர்க்கிறார்கள். ரத்தத்தில் வந்த எதிர்ப்புச் செல்கள்கூட அதில் கொஞ்ச காலம் உடனிருக்கின்றன. ஊட்டுவதைக் குறைத்தால் உண்மைக்கு அருகில் போகலாம் என்ற எண்ணம் அது.

வளராமல் போன துண்டுகளை நினைத்துப் பார்க்கிறேன். எல்லார் கட்டியும் தட்டில் வளர்வதில்லை. வளர்ந்தவை செல் வரிசையாகி எண் பெற்று ஆய்வுக்குள் நுழைகின்றன, வளராதவை கழிவோடு போகின்றன. அவையும் ஒருவர் கையெழுத்திட்டுக் கொடுத்தவைதான். தட்டில் வளராத அந்தக் கட்டியும் அவர் மூளைக்குள் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. வளராத துண்டுகளையும், எந்த மீடியத்தில், எத்தனை நாள் வைத்துப் பார்த்தோம் என்ற குறிப்போடு, வளர்ந்தவற்றுக்குப் பக்கத்திலேயே கணக்கில் வைக்கவேண்டும்.