பிடிமண்ணும் பயணப்பெட்டியும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை, கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டுநிலம். அது நெடுங்காலமாகப் பல நாடுகளாகப் பகுக்கப்பட்டிருக்கிறது, அவற்றுள் ஒன்று குண்டூர் நாடு. இங்கே நாடு என்பது அரசைக் குறிப்பதன்று. சில சிற்றூர்களையும் அவற்றின் வயலையும் காட்டையும் கோயிலையும் வழக்குத் தீர்க்கும் பெரியோரையும் ஒன்றாகப் பிணைக்கும் வட்டாரப் பிரிவையே குறிப்பது, இன்று ஊராட்சியின் பெயராகவும் நிலைத்திருப்பது. இத்தகைய நாட்டில் பிறந்த மாணவர் ஒருவர் மேற்படிப்புக்காகக் கடல் கடந்து செல்லும்போது எதை எடுத்துச்செல்ல வேண்டும் என்ற கேள்வி, சான்றிதழ், கம்பளி உடை, மருந்துச்சீட்டு, மிளகாய்ப்பொடி என்று நீளும் பட்டியலோடு தீர்ந்துவிடுவதில்லை. விமான நிறுவனங்கள் பலவும் ஒரு பெட்டிக்கு 23 கிலோ என்று வரம்பு கட்டுவதால், எது இன்றியமையாதது, எதை விட்டுச் சென்றாலும் ஒருவர் அவராகவே இருப்பார் என்று எடைபோட்டுப் பார்க்கும் கட்டாயம் எளிய குடும்பத்துக்கும் வந்துவிடுகிறது. அந்த எடைபோடலுக்கு அடியில் மிகப் பழைய சமயக் கேள்வி ஒன்று கிடக்கிறது: புனிதம் உறைவது இடத்திலா, பொருளிலா, மனிதர் செய்யும் செயலிலா?

இக்கேள்வி வெறும் கற்பனை அன்று. மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இந்தியா முழுமைக்கும் ஆண்டுக்கு 20 பேருக்கு என வகுக்கப்பட்டிருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கென்று தமிழக அரசும் அண்ணல் அம்பேத்கர் பெயரில் ஓர் அயலக உயர்கல்வித் திட்டத்தை நடத்துகிறது. எண்ணிக்கை மிகச் சிறிது என்பது வருந்தத்தக்கது. ஆயினும் மலையிலிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் வரை ஒரு வழி திறந்திருக்கிறது என்பதும் உண்மை.

கொல்லிமலையின் பெரும்பான்மைக் குடிகள் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். கேரள மக்களோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, இவர்கள் பேசுவது தமிழே. இவர்களுடைய தோற்றக் கதையே ஒரு புலப்பெயர்வின் கதையாக இருப்பது கருதத்தக்கது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இக்கதையின் சில வடிவங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் ஒன்றன்படி, காஞ்சியில் இருக்க மனமில்லாத கரிராமன் என்ற தெய்வம் வேறு இருப்பிடம் தேடிப் புறப்பட்டது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூன்று அடியார்கள் தத்தம் குடும்பத்தோடு அதைப் பின்தொடர்ந்து, சேலம் பகுதிக்கு வந்தபின் தனித்தனி வழியில் பிரிந்து வெவ்வேறு மலைகளை அடைந்தனர். யார் எந்த மலைக்குப் போனார் என்பதில் கதைக்குக் கதை வேறுபாடு உண்டு. மூவர் பிரிந்து சென்ற செய்தி மட்டும் மாறுவதில்லை.

இக்கதையில் தெய்வம் மனிதர் சுமந்துசெல்லும் உடைமையாக இல்லை. அதுவே முன்னே நடக்கிறது, மனிதர் பின்னே போகின்றனர். பெருஞ்சமயங்களின் கோயில் மரபில் தெய்வம் ஒரு தலத்தோடு கட்டுண்டது. தலம் என்பது தெய்வம் வெளிப்பட்டதாக நம்பப்படும் குறிப்பிட்ட இடம், அதை நாடி அடியார் யாத்திரை செல்ல வேண்டுமே தவிர அது அடியாரை நாடி வராது. அதே கொல்லிமலையில் ஆகாயகங்கை அருவிக்கு அருகில் நிற்கும் அறப்பளீசுவரர் கோயில் அத்தகைய தலம். மலையாளிகளின் கதை மறுதலையான எண்ணத்தைத் தாங்கி நிற்கிறது: இடம் மாறுவதால் தெய்வ உறவு அறுந்துபோவதில்லை, ஏனெனில் அந்த உறவே ஒரு நடையில் தொடங்கியது. இவ்விரு எண்ணங்களும் ஒரே மலையில், பல நேரங்களில் ஒரே குடும்பத்தில், முரண்பாடாக உணரப்படாமலே வாழ்ந்துவருகின்றன.

இவ்விரண்டையும் இணைக்கும் வழக்கம் ஒன்று தமிழகத்தின் நாட்டார் சமயத்தில் உண்டு. அது பிடிமண் எடுத்தல். ஓர் ஊரிலிருந்து பெயர்ந்து செல்லும் குடியினர் தங்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணை முறைப்படி எடுத்துச்சென்று, குடியேறிய இடத்தில் இட்டு, அதன்மேல் புதிய கோயிலை எழுப்புவர். இவ்வாறு எழுந்த கோயில் மூலக் கோயிலின் நகல் அன்று. மூலக் கோயிலே அங்கு நீண்டிருப்பதாகக் கொள்ளப்படுகிறது. ஒரு பகுதியில் முழுமையும் உறையக்கூடும் என்பது இதன் உட்கருத்து. ஒரு பிடிக்கு மேல் எடுக்கத் தேவையில்லை. எடையால் புனிதம் கூடுவதில்லை. மற்றொரு கூறும் இதில் அடங்கியிருக்கிறது. பிடிமண் கொண்டுசென்றவர்கள் மூலக் கோயிலின் திருவிழாவுக்குத் திரும்பி வருவதும் வரி கொடுப்பதும் பல இடங்களில் கடமையாக இருந்துவருகின்றன. ஆகவே எடுத்துச்செல்லுதல் என்பது திரும்பி வருவதாக ஏற்றுக்கொள்ளும் பொறுப்பும் ஆகிறது. கடல் கடந்த தமிழர் சென்ற இடமெல்லாம் இந்த மனப்பாங்கோடே சென்றனர் என்பதற்கு, 1827-இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலும், 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர்களும் அவர்களுக்குப் பின் வந்தோரும் கரும்புத் தோட்டங்களின் ஓரத்தில் எழுப்பிய கோயில்களும் சான்று.

இன்றைய மாணவர் அந்த ஒரு பிடி மண்ணை எடுத்துச்செல்ல முடியாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகள் மண்ணையும் முளைக்கும் திறனுள்ள விதைகளையும் பயணப்பெட்டியில் கொண்டுவருவதைக் கடுமையாகத் தடுக்கின்றன. தானியம், மசாலா, மூலிகை போன்ற எதுவாயினும் வந்திறங்கியதும் அதிகாரிகளிடம் அறிவித்தாக வேண்டும், மறைத்தால் அபராதமும் விசா இழப்பும் நேரலாம். பாட்டி முடிந்துகொடுத்த சாமை விதை குப்பைத்தொட்டியில் விழுவதை ஒரு குடும்பம் அவமதிப்பாக உணரக்கூடும். ஆனால் இந்த விதியின் நியாயத்தைக் கொல்லிமலையைச் சூழ்ந்த உழவர்களைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இருக்க முடியாது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி 2020-இல் இந்தியாவில் கண்டறியப்பட்டு, விரைவிலேயே நாமக்கல், சேலம் மாவட்டங்களின் மரவள்ளித் தோட்டங்களைச் சூறையாடியது. அதை அடக்க அனகைரஸ் லோபெஸி என்ற ஒட்டுண்ணிக் குளவியை ஆப்பிரிக்க நாடான பெனினிலிருந்து தருவித்து வளர்த்து 2022-இல் வயல்களில் விட வேண்டியதாயிற்று. கண்ணுக்குப் புலப்படாமல் எல்லை கடந்த ஓர் உயிர் எத்தனை குடும்பங்களின் வருவாயை அழிக்கும் என்பதை அறிந்த மண்ணிலிருந்து செல்பவர், பிறர் மண்ணுக்கு அத்தீங்கை இழைக்காமல் இருப்பதை அறமாகவே கொள்ள வேண்டும்.

இவ்வறம் இந்தியச் சமயங்களுக்குப் புதிதன்று. பௌத்தத் துறவி தன்னுடன் வைத்துக்கொள்ள இசைவு பெற்ற பொருள்கள் எட்டு: மூன்று ஆடைகள், பிச்சைப் பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, இடைக்கச்சை, நீர்வடிகட்டி. முதல் ஏழும் அத்துறவியின் தேவைக்கானவை. எட்டாவதான நீர்வடிகட்டியின் நோக்கம் பெரிதும் வேறு. நீரிலுள்ள சிற்றுயிர்கள் குடிப்பவரின் வாயில் சிக்கி மாளாதிருக்க அது தேவைப்பட்டது. இவ்வளவு குறுகிய பட்டியலிலும் ஓர் இடம் பிறவுயிர்களுக்கென ஒதுக்கப்பட்டிருப்பது, ஒருவரின் பயணப்பெட்டி அவருடைய வசதியை மட்டும் பற்றியதன்று என்பதைக் காட்டுகிறது. சமணம் இல்லறத்தாருக்கு வகுத்த நோன்புகளில் ஒன்றான திக்விரதம், ஒருவர் எத்திசையிலும் இவ்வளவு தொலைவுக்கு மேல் செல்வதில்லை என்று தாமே எல்லை கட்டிக்கொள்வது. செல்லும் பரப்பு விரிய விரியத் தெரிந்தும் தெரியாமலும் செய்யும் தீங்கும் விரியும் என்ற கருத்து அதன் அடிப்படை. அந்த நோன்பை அப்படியே ஏற்றால் எந்த மாணவரும் கடல் கடக்க இயலாது. அதன் எல்லையைத் தள்ளிவிட்டு, அதன் கவலையை மட்டும் ஏற்றுக்கொள்வதே தகும்.

கடலைக் கடப்பதே பாவம் என்ற கொள்கை வேறு வகையானது. பௌதாயன தர்மசூத்திரம் கடற்பயணத்தைச் சாதியிழப்புக்குரிய குற்றங்களுள் ஒன்றாக எண்ணுகிறது. அன்றாடச் சடங்குகள் தடைப்படும், உணவின் தூய்மை கெடும் என்ற அச்சங்கள் அத்தடையோடு ஒட்டிக்கொண்டன. தமிழின் பழைய இலக்கணமோ கல்விக்காகப் பிரிதலை இயல்பான வாழ்க்கை நிகழ்ச்சியாகவே நோக்கியது: தொல்காப்பியம் ஓதற்பிரிவு என்று, அதாவது கற்பதன் பொருட்டுத் தலைவன் வீட்டைவிட்டுப் பிரிதல் என்று, ஒரு வகையை வகுத்து, அப்பிரிவு மூன்றாண்டைக் கடத்தலாகாது என்றும் வரையறுக்கிறது. இங்கே பேசப்படுவது தூய்மை அன்று, காத்திருப்பவரின் துயர். விதியின் கண் செல்பவர்மேல் மட்டுமின்றி இருப்பவர்மேலும் இருக்கிறது.

இவ்விரு மரபுகளும் ஒரு மாணவரின் வாழ்வில் மோதிய மிகப் புகழ்பெற்ற நிகழ்ச்சி கொல்லிமலை அமைந்த மாவட்டத்தோடு தொடர்புடையது. கணித மேதை சீனிவாச இராமானுசனின் குடும்பத் தெய்வம் நாமக்கல் நரசிம்மர் கோயிலின் நாமகிரித் தாயார். கேம்பிரிட்ஜ் செல்லும் அழைப்பை வைதிகக் காரணங்களால் முதலில் மறுத்த அவர், நாமகிரித் தாயாரின் இசைவு கிடைத்ததாகக் குடும்பம் நம்பிய பின்னரே, 1914 மார்ச் 17-இல் சென்னையிலிருந்து கப்பலேறினார். புறப்படுமுன் குடுமி களையப்பட்டது, மேலைநாட்டு உடை தைக்கப்பட்டது. அங்கே சென்றபின் புலால் உண்ணாமையைக் காக்கத் தம் அறையிலேயே சமைத்துக்கொண்டார். அவருடைய குளிர்கால நாள்களைப் பற்றி, அப்போது அங்குப் படித்த பி. சி. மகலனோபிஸ் கூறிய செய்தி ஒன்று இக்கட்டுரையின் பொருளுக்கு மையமானது. இரவில் குளிரால் நடுங்கி மேல்சட்டையோடும் சால்வையோடும் இராமானுசன் படுத்திருந்தார் என்றறிந்து மகலனோபிஸ் கட்டிலைப் பார்த்தபோது, கம்பளிகள் போதிய அளவு இருந்தன. ஆனால் அவை மெத்தையோடு இறுக்கிச் செருகப்பட்டிருந்ததால், விரித்து அவற்றுக்குள் புகுந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பொருள் இருந்தது, அதைக் கையாளும் வழக்கம் இல்லை. எந்தப் பொருளும் அதைச் சூழ்ந்த பழக்கத்தோடு சேர்ந்தே பொருளாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. மஞ்சளும் விபூதியும் சாமிப்படமும் இதற்கு விலக்கல்ல.

இதுவரை சொன்னவை அனைத்தும், ஒருவர் பிறந்த இடம் அவருக்கு நன்மையையே தந்தது என்று கொண்டு பேசுகின்றன. அவ்வாறு கொள்ள முடியாதவர்களும் உண்டு. 1913-இல் பரோடா மன்னரின் உதவியோடு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்ற பீமராவ் அம்பேத்கருக்கு, ஊர் தந்த முதன்மையான அடையாளம் தீண்டாமை. 1916-இல் இந்தியாவில் சாதிகள் குறித்து அங்கே அவர் படித்த கட்டுரையில், இந்துக்கள் பிற நாடுகளுக்குக் குடிபெயர்ந்தால் சாதி உலகச் சிக்கலாகிவிடும் என்று கேட்கர் என்ற ஆய்வாளர் முன்பே விடுத்த எச்சரிக்கையை எடுத்துக்காட்டினார். 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் இயற்ற நேர்ந்தது அந்த எச்சரிக்கை பலித்ததன் அடையாளம். எந்தச் சுங்கச் சோதனையிலும் பிடிபடாமல் கடந்துசெல்வது சாதியே. ஆகவே பழக்கத்தைச் சுமந்துசெல்ல வேண்டும் என்று வாதிடுவோர், எல்லாப் பழக்கத்தையும் அன்று என்பதையும் அதே மூச்சில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். மரவள்ளி மாவுப்பூச்சிக்குச் சொன்ன நியாயம் சாதிக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இந்த வரையறையோடு பார்த்தால், குண்டூர் நாட்டிலிருந்து செல்லும் மாணவர் புறப்படுவதற்கு முந்தைய மாதங்களில் கடைவீதியில் செலவிடும் நேரத்தைவிட அடுப்படியிலும் கோயில் முற்றத்திலும் செலவிடும் நேரமே பயனுடையது. சாமையைக் கல் நீக்கிக் களைந்து குழையாமல் வடிப்பது எப்படி, கேழ்வரகுக் களிக்கு நீர் எவ்வளவு, குலதெய்வத்துக்கு எந்த மாதத்தில் எவ்வரிசையில் படையல் வைக்கப்படுகிறது, முன்னோர் பெயர்கள் எத்தனை தலைமுறை வரை சொல்லப்படுகின்றன என்பவை கேட்டுச் செய்துபார்த்துக் கற்கத்தக்கவை. இவற்றுக்கு எடை இல்லை, அறிவிக்க வேண்டியதும் இல்லை. இதனால் பொருள்களே வேண்டா என்று ஆகாது. தனிமை மிகுந்த அறையில் ஒரு சிறு படமோ தாயின் பழைய புடவைத் துண்டோ தரும் ஆறுதலைத் துறவியின் அளவுகோலால் அளந்து இகழ்வது கொடுமை. பிடிமண் மரபே ஒரு பிடியை அனுமதிக்கிறது.

ஆனால் அந்த மரபு மூலக் கோயில் அழியாமல் நிற்பதையும் வேண்டுகிறது. கொல்லிமலையில் கடந்த சில பத்தாண்டுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்களில் பெரும்பங்கு மரவள்ளிக்கு மாறியது. மரவள்ளிக்குச் சேகோ ஆலைகளின் சந்தை இருந்தது, சிறுதானியத்தையோ பெண்கள் உரலில் இட்டு நெடுநேரம் குத்த வேண்டியிருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அங்கே ஊர் விதை வங்கிகளை அமைத்தும், உமி நீக்கும் சிறு இயந்திரங்களைத் தந்தும் அவ்விதைகளைக் காக்கும் பணியில் ஊராரோடு ஈடுபட்டது. எல்லை தாண்ட முடியாத விதை மலையிலேயே ஆண்டுதோறும் விதைக்கப்பட்டு வந்தால்தான், அதைச் சமைக்கும் முறையை அயல்நாட்டில் நினைவில் வைத்திருப்பவருக்குத் திரும்பி வந்து உண்ண ஏதேனும் இருக்கும். ஆகையால் எதை எடுத்துச்செல்வது என்ற கேள்வியில் பாதி, பெட்டி கட்டும் மாணவரை நோக்கியதன்று. வயலை அடுத்த பட்டத்துக்கு எதற்கு உழுவது என்று முடிவுசெய்யும் வீட்டாரையும், சிறுதானியத்துக்கு விலை வைக்கும் சந்தையையும், அரசையும் நோக்கியது.