காத்திருந்த சிதை

பிக்கு ஒருவரின் தகனத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மாள் அழைத்தபோது, மகளைக் கூட்டிக்கொண்டு போவதா என்று எங்களுக்குள் ஒரு தயக்கம். நம் ஊரில் துஷ்டி வீட்டுக்குப் பிள்ளைகளை அனுப்ப யோசிப்போம். அந்த அம்மாளுக்கோ இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றே புரியவில்லை.

வடதாய்லாந்தில், சியாங் மாய்க்குப் பக்கத்துக் கிராமம் அது. விகாரையின் தலைமை பிக்கு மறைந்து ஓராண்டு தாண்டியிருந்தது. மதிப்புப் பெற்ற துறவிகளின் உடலைப் பதப்படுத்தி மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் வைத்திருப்பது அங்கே வழக்கம். சிதை கட்ட வேண்டும், பணம் திரட்ட வேண்டும், வெளியூர்ச் சீடர்கள் வந்து சேர வேண்டும். இவற்றைவிடப் பெரிய பலன் ஒன்று எனக்குத் தெரிந்தது: நெருப்பு வைக்கும் நாளுக்குள் ஊர் அழுது ஓய்ந்துவிட்டது. நாம் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடத் துடிக்கிறோம். செய்தியே மனசில் இறங்காத நேரத்தில் கொள்ளி வைத்துவிட்டு, பிறகு வருடக்கணக்கில் தனியே அழுகிறோம்.

சிதையாகத் திடலில் நின்றது நோக் ஹத்சதிலிங். பறவை உடல், யானைத் தலை. முதுகில் அடுக்கடுக்காய்க் கோபுரம், அதற்குள் பெட்டி. எல்லாம் மூங்கில், பலகை, வண்ணக் காகிதம். உள்ளிருந்து யாரோ கயிற்றை இழுக்க, காது ஆடியது, துதிக்கை உயர்ந்தது. நம் தேர்போல ஊரே வடம் பிடித்துத்தான் அதைக் கொண்டுவந்திருந்தது. மகளும் ஒரு முனையைப் பிடித்தாள். ஓரமாக அன்னதானப் பந்தல்கள். நூடுல்ஸ், பழச்சாறு, ஏன், ஐஸ்கிரீம்கூட. ரிப்பனில் சுற்றிய நாணயங்களை இறைத்தபோது பெரியவர்களே குனிந்து பொறுக்கினார்கள். சந்தனப்பூ வைத்துக் கும்பிட்டோம். இருட்டியதும் வாணம் சீறிப் போய்ச் சிதையைப் பற்றவைத்தது.

மூன்று சீவரத்தோடும் ஒரு பிச்சைப் பாத்திரத்தோடும் வாழ்ந்தவருக்கு இத்தனை ஆடம்பரமா என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தாய்லாந்து முழுக்க அறிந்த பிக்கு லுவாங் போர் கூன் இதை முன்கூட்டியே யோசித்தவர். 2015 மே மாதம் மறைந்தபோது அவர் உடல், உயில்படி, கோன் கேன் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்களுக்குப் போனது. தகனம் எளிமையாக இருக்க வேண்டும், அஸ்தியை நோங் காயில் மேகாங் ஆற்றில் கரைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். 2019 ஜனவரியில்தான் தகனம். ஆற்றில் கரைத்தார்கள், ஆனால் சிதைக்கு மக்கள் அதே பறவையைக் கட்டாமல் விடவில்லை. அந்த மீறலை என்னால் குறைசொல்ல முடியவில்லை. அவருக்கு வேண்டாததாக இருக்கலாம், அவர்களுக்கு வேண்டியிருந்ததே.

தன் உடலும் மருத்துவக் கல்லூரிக்கே போகட்டும் என்று என் கணவர் அன்றிரவே ஊருக்குப் போன் போட்டுச் சொன்னார். "கொள்ளி வைக்காம எப்படிடா?" என்றார் அவர் அண்ணன். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.