விலைக்கு வந்த குட்டியும் காணாத தாயும்

சைவபாடசாலை ஆசிரியர்களே,

திருவிளையாடற் புராணத்திலே பன்றிக்குட்டிகளுக்கு முலைகொடுத்த படலத்தை நாமெல்லாம் மாணாக்கருக்குக் கதையாகச் சொல்லி வருகின்றோம். குருவின் சாபத்தாற் பன்றிக்குட்டிகளாய்ப் பிறந்த பன்னிருவர், பெற்றோர் பாண்டியனது வேட்டையிலே மாண்டுபோகப் பாலின்றித் தவித்தனர். சோமசுந்தரக்கடவுள் செய்தது யாது? பிறரை ஏவிப் பாலூட்டுவித்தாரல்லர். தாமே தாய்ப்பன்றியின் வடிவங்கொண்டு சென்றார். குட்டிக்கு வேண்டுவது பால் மாத்திரமன்று, தாயே என்பது இதனாற் பெறப்படும்.

மன்னார்த் தீவிலே இப்படலத்தை யான் பாடஞ்சொல்லிய வாரத்திலேயே, மாணாக்கனொருவன் வெண்ணிற நாய்க்குட்டியொன்றை மார்போடணைத்து வந்தான். கொழும்பிலே ஒரு கடையிற் கூட்டினுள் வைத்து விற்றதை அவன் தந்தையார் வாங்கி வந்தாராம். இரண்டு மாதக் குட்டியென்றான் கடைக்காரன். ஒரு மாதமும் நிரம்பவில்லையென்றார் மிருகவைத்தியர். இரத்தக் கழிச்சல் கண்டு நாலாம் நாள் அது இறந்தது. "ஐயா, இதற்குத் தாய் எங்கே?" என்று அச்சிறுவன் கேட்டான். படலத்தை நன்றாகச் சொல்லிய எனக்கு விடை வரவில்லை.

கடையிலே தாய் ஒருபோதும் இருப்பதில்லை. இருப்பின் வாணிகம் நடவாது. இலாபமொன்றே கருதி இனம்பெருக்குமிடங்களிலே பெண்ணாய்கள் கூட்டினுள்ளே கிடந்து, பருவந்தோறும் சூல்கொண்டு, ஈன்ற குட்டிகளைப் பால்மறக்குமுன்னே இழக்கின்றன. ஈனுதல் ஒழிந்தபின் வேண்டாப் பொருளாகின்றன. வாங்குவோன் காண்பது குட்டியின் மருண்ட கண்ணை மாத்திரமே.

கூட்டிற் கிடப்பதை இரங்கி வாங்குதல் புண்ணியமன்றோ எனின், அன்று. ஒழிந்த கூட்டிலே நாளைக்கு வேறொரு குட்டி வந்து கிடக்கும். நாம் கொடுத்த பணமே அதனை ஈனச்செய்யுங் கட்டளையாம். திருவள்ளுவனார் புலான்மறுத்தலிலே விற்பவனோடு வாங்குவோனையும் சேர்த்தெண்ணிய நியாயம் இங்கும் பொருந்தும்.

பிரித்தானியாவின் வேல்சிலே உலூசி என்னும் பெண்ணாயொன்று இத்தகைய பண்ணையிலே நலிந்து, மீட்கப்பட்டு, 2016ஆம் ஆண்டு இறந்தது. அதன் பெயரால் வழங்கும் சட்டம் இங்கிலாந்திலே 2020ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் நடைமுறைக்கு வந்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியைக் கடைக்காரர் வாங்கி விற்றலை அது தடுத்தது. வளர்த்தவரே தாயோடு காட்டிக் கொடுத்தல் வேண்டும். இந்தியாவின் 2017ஆம் ஆண்டு விதிகள் எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றலை விலக்கி, ஒரு பெண்ணாய் வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேல் ஈனவைத்தலாகாதென வரையறுத்தன. இலங்கையின் 1907ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச்சட்டமோ வண்டிமாட்டின் முதுகை நினைந்தெழுந்தது. கண்ணாடிக் கூட்டை அக்காலத்தார் கண்டிலர்.

மன்னாரிலுள்ளார்க்கு இவ்வாணிகத்தின் முடிவை விரித்துச்சொல்ல வேண்டுவதில்லை. பொதி சுமந்த கழுதைகள், இயந்திர வண்டிகள் வந்தபின் தெருவில் விடப்பட்டன. அவற்றின் வழிவந்தவை இன்று குப்பைமேட்டிலே பொலித்தீன் மென்றும், இரவிலே வாகனங்களில் அடிபட்டும் திரிகின்றன. விட்டவர் கொடியவரல்லர். விலையோடு கடமையும் தீர்ந்ததென்று எண்ணினர், அவ்வளவே. மரத்தடிதோறும் சூலமாய் வைரவரை நாட்டி வழிபடும் நாம், அவரது வாகனத்துக்கு விலைச்சீட்டுக் கட்டுகின்றோம், இதை என்னென்பது!

ஆதலின் பெற்றோர் உங்களிடம் வினவினால், "தாயை எங்கே காணலாம்?" என்று கடையிலே முதலிற் கேட்கச் சொல்லுங்கள். காட்டமாட்டாதவனிடம் வாங்காது திரும்பச் சொல்லுங்கள். தெருநாயின் குட்டிகள் நம்மூரிலே குறைவில்லை.

அச்சிறுவன் மறு ஆண்டு கரையிலே கவிழ்த்துக் கிடந்த வள்ளத்தின் கீழ் ஈன்றிருந்த நாயொன்றைக் கண்டான். எட்டு வாரமும் நாடோறும் சோறு கொண்டுபோய்த் தாய்க்கு வைத்து, அதன்பின் ஒரு குட்டியை வீட்டுக்குக் கொண்டுசென்றான். தாய் அவ்வள்ளத்தடியை விட்டு வரவில்லை. அவன் வீட்டிலே இப்போது இரண்டு தட்டிற் சோறு எடுத்துவைக்கின்றனர்.